மனோன்மணியை மறக்கலாமா?



நம் தமிழ்ச் சங்க விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்து தொடங்கியதும் எல்லோரும் எழுந்து நிற்கிறோம். அந்தப் பாடல் எந்த நூலில் வருகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் 'மனோன்மணீயம்' என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். அந்த நூல் எந்த ஊரில் எழுதப்பட்டது என்று கேட்டால் சிலர் மதுரை என்பார்கள், சிலர் திருநெல்வேலி என்பார்கள். எழுதப்பட்டது நாம் குடியிருக்கும் இதே திருவனந்தபுரத்தில்தான். அச்சில் வந்தது 1891-இல். மூன்றாவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது. அந்த நூலுக்குப் பெயர் கொடுத்த மனோன்மணி என்னும் பெயரில் உங்கள் தெருவில், உங்கள் பேரப்பிள்ளைகளின் வகுப்பில் ஒரு சிறுமியாவது இருக்கிறாளா?

சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் கோட்டைக்குள்ளும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் நான் விசாரித்துப் பார்த்தேன். மனோன்மணி என்ற பெயரில் ஆச்சிமார்கள் இருக்கிறார்கள். சில அத்தைமார், பெரியம்மாமார் இருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிச் செல்லும் மனோன்மணி ஒருத்தியையும் நான் காணவில்லை. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, எப்படிப் பரவியது, ஏன் அருகிப் போனது, அதை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தமிழ்ப் புலவன் அல்லன். டிப்ளமோ படித்துவிட்டு 1982-இல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளமும் ஜல்லியும் பாலமுமாகக் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஆனால் பெயர்களைப் பார்க்கும் வாய்ப்பு என் வேலையில் நிறைய இருந்தது. இலவசப் பாஸுக்காக ஊழியர்கள் தங்கள் குடும்பத்தார் பெயர்களை எழுதிக் கொடுக்கும் படிவம் ஒன்று உண்டு. தாய், மனைவி, மகள் என்று வரிசையாக இருக்கும். நான் சேர்ந்த புதிதில் வள்ளியூர், நாங்குநேரி, நாகர்கோவில் பக்கத்து ஊழியர்களின் படிவங்களில் மனோன்மணி என்ற பெயரைத் தாயார் வரிசையிலும் மனைவி வரிசையிலும் பார்த்திருக்கிறேன். நான் ஓய்வு பெறும் காலத்தில் அந்தப் பெயர் தாயார் வரிசையில் மட்டும் எப்போதாவது தென்பட்டது. மகள் வரிசைக்கு அது இறங்கவே இல்லை. ஒரு பெயர் எப்படிக் கண்ணெதிரே மறைகிறது என்பதை அந்தப் படிவங்களில்தான் கண்டேன்.

பெயரின் பிறப்பு

மனோன்மணி என்றால் 'மனத்தின் மணி', அதாவது மனத்தில் இருக்கும் இரத்தினம் என்று நம்மில் பலர் பொருள் சொல்கிறோம். அழகான பொருள்தான். ஆனால் வேர் வேறு. வடமொழியில் அச்சொல்லின் கடைசிப் பகுதி 'மணி' அன்று, 'மனீ'. மனம் என்பதோடு 'உன்மனீ' என்ற சொல் சேர்ந்து மனோன்மனீ ஆயிற்று. உன்மனீ என்பது மனம் தன் அலைச்சல் எல்லாம் அடங்கி, தன்னைக் கடந்து மேலே நிற்கும் நிலை. யோக நூல்களில் சமாதி நிலைக்குச் சொல்லப்படும் பல பெயர்களில் மனோன்மனீ என்பதும் ஒன்று.

சைவ ஆகமங்களில் இதே பெயர் அம்பிகைக்கு உரியது. வாமை, சேட்டை, ரௌத்திரி, காளி என்று தொடங்கும் ஒன்பது சக்திகளில் நிறைவாக நிற்பவள் மனோன்மனீ. சதாசிவ மூர்த்தியின் சக்தி அவளே. லலிதா சகஸ்ரநாமத்திலும் இந்த நாமம் உண்டு. திருமந்திரத்தில் திருமூலர் அம்பிகையை இப்பெயரால் அழைக்கிறார். சித்தர் பாடல்களிலும் இது பயின்று வருகிறது.

தமிழ் நாவில் புரண்டபோது கடைசியில் இருந்த 'மனி', 'மணி' ஆகிவிட்டது. ஒரு சுழி மாற்றத்தில், மனத்தைக் கடந்த நிலை மனத்துக்குள் இருக்கும் மணியாயிற்று. இதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். கண்மணி, பொன்மணி, முத்துமணி என்று மகளைக் கொஞ்சிப் பழகிய தாய்மார், ஆகமத்து அம்பிகையையும் அப்படியே மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு வடசொல் தமிழ்ப் பெயரான வகை இது.

பேராசிரியர் வீட்டுப் பெயர்கள்

தத்துவத்திலும் பூசையிலும் வழங்கிய இப்பெயரை ஒரு கதாநாயகிக்குச் சூட்டிப் படித்தவர் உலகம் முழுவதற்கும் அறிமுகம் செய்தவர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை.

அவருடைய வரலாறு நம்மைப் போன்ற குடும்பங்களின் வரலாறுதான். முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வணிகத்துக்காக ஆலப்புழைக்குக் குடிபெயர்ந்தவர்கள். தந்தை பெருமாள் பிள்ளை, தாய் மாடத்தியம்மாள். 1855-இல் ஆலப்புழையில் பிறந்தார். திருவனந்தபுரத்தில் மகாராஜா கல்லூரியில், அதாவது இன்றைய யூனிவர்சிட்டி கல்லூரியில் படித்தார். சில காலம் திருநெல்வேலியில் கல்வி நிலையம் ஒன்றின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். பிறகு தாம் படித்த கல்லூரிக்கே திரும்பித் தத்துவப் பேராசிரியர் ஆனார். திருவிதாங்கூரின் பழைய கல்வெட்டுகளைத் தேடிப் படித்து அந்நாட்டின் ஆதி மன்னர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு எழுதினார். திருஞானசம்பந்தரின் காலத்தை ஆராய்ந்தார். 1897-இல் 42 வயதிலேயே காலமானார்.

பேரூர்க்கடையில் அவர் வாழ்ந்த இடத்துக்குத் தம் ஆசிரியர் டாக்டர் ஹார்வியின் நினைவாக ஹார்விபுரம் என்று பெயர் வைத்திருந்தார். மனோன்மணீயத்தையும் அந்த ஆசிரியருக்கே உரிமையாக்கினார். பெயர் வைப்பதை எவ்வளவு பெரிய நன்றிக் கடனாக அவர் நினைத்திருக்கிறார் என்பதற்கு இதுவே சாட்சி.

நாடகத்தின் பெயர்களையும் கவனித்துப் பாருங்கள். பேராசிரியரின் ஞானாசிரியர் திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள். நாடகத்தில் வரும் குருவின் பெயர் சுந்தர முனிவர். பேராசிரியரின் மனைவி பெயர் சிவகாமி அம்மாள்; நாடகத்துக்குள் கதைக்குள் கதையாக வரும் பகுதியின் பெயர் சிவகாமி சரிதை. நாடகத்தில் வரும் நல்ல இளைஞனின் பெயர் நடராசன். நூல் வெளிவந்த அதே 1891-இல் பிறந்த பேராசிரியரின் மகன் பெயரும் நடராசன். அவர்தான் பின்னாளில் 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநில நிதியமைச்சராக இருந்த பி.எஸ். நடராஜ பிள்ளை. 1962-இல் திருவனந்தபுரம் தொகுதியிலிருந்து மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேரூர்க்கடையில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தம் குருவின் பெயர், மனைவியின் பெயர், மகனுடைய பெயர் எல்லாம் உலவும் நூலின் தலைப்பில் வைக்க அவர் தேர்ந்தெடுத்த பெயர் மனோன்மணி. அவர் சைவ சித்தாந்தத்தில் தோய்ந்தவர். இவ்வூரில் சைவப் பிரகாச சபை தோன்றக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். மனோன்மணி என்றால் சதாசிவனின் சக்தி என்று அறியாமல் அவர் அந்தப் பெயரை வைத்திருக்க முடியாது. காதல் கதைக்குள் மறைபொருளாக ஒரு தத்துவக் கதையும் வைத்துத்தான் எழுதினார் என்று அறிஞர்கள் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அந்த ஆழத்துக்குள் இறங்க எனக்குத் தகுதி இல்லை. மேலோட்டமான கதையே நமக்குப் போதும்.

திருநெல்வேலிப் பெண், திருவனந்தபுரம் மருமகள்

ஆங்கிலத்தில் லிட்டன் பிரபு 1866-இல் வெளியிட்ட பழங்கதைத் தொகுப்பில் இருந்த ஒரு கதைதான் இதற்கு மூலம். சுந்தரம் பிள்ளை அந்தக் கதையை நம் மண்ணுக்குக் கொண்டு வந்தபோது எந்த ஊர்களில் நட்டார் என்பதே விஷயம். பாண்டியன் சீவகன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் புதிதாகக் கோட்டை கட்டி ஆளுகிறான். அவன் மகள் மனோன்மணி. இந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் சேரன் புருடோத்தமன். இருவரும் நேரில் பார்த்ததில்லை. கனவில் கண்டு மனத்தைப் பறிகொடுக்கிறார்கள். இவர்களுக்கு மணம் பேசி முடிக்கச் சொல்கிறார் சுந்தர முனிவர். மந்திரி குடிலனோ அரசைத் தன் கைக்குள் போட்டுக்கொள்ளச் சூழ்ச்சி செய்கிறான். மணத் தூது என்று சொல்லித் தன் மகன் பலதேவனைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பி, நாஞ்சில் நாடு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கைக் கிளப்பிப் போரை மூட்டிவிடுகிறான்.

போரில் பாண்டியன் தோற்கிறான். கோட்டை முற்றுகையில் இருக்கிறது. மகளைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல், அவளைப் பலதேவனுக்கே அவசரமாக மணம் முடிக்க அரசன் ஏற்பாடு செய்கிறான். அந்த நேரத்தில், முனிவர் முன்யோசனையுடன் கோட்டைக்கு வெளியிலிருந்து அரண்மனைக்குள் அமைத்து வைத்திருந்த சுரங்க வழியாக, துரோகி குடிலனை விலங்கிட்டு இழுத்துக்கொண்டு புருடோத்தமன் வந்து நிற்கிறான். கனவில் கண்ட முகத்தை நேரில் கண்ட மனோன்மணி அவனுக்கே மாலை சூட்டுகிறாள்.

ரயில்வேக்காரன் என்ற முறையில் அந்தச் சுரங்கத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தோண்டிய மண்ணையெல்லாம் யாருக்கும் தெரியாமல் முனிவர் எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்? மழைத் தண்ணீர் வடிய என்ன வழி செய்தார்? எங்கள் இலாகாவில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதாமல் ஒரு மீட்டர்கூடத் தோண்ட விடமாட்டார்கள். முனிவருக்கு ஆடிட் இல்லை என்பது அவர் பாக்கியம்.

வேடிக்கையை விட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கதையில் எல்லை வழக்கைப் போர் தீர்க்கவில்லை. ஒரு கல்யாணம் தீர்த்து வைத்தது. நாஞ்சில் நாடு யாருக்கு என்ற அந்த வழக்கு, நூல் வெளிவந்து 65 ஆண்டுகளுக்குப் பிறகு நாட்டு நடப்பாகவே நம் வாசலுக்கு வந்தது. 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நம்மில் எத்தனையோ குடும்பங்களில் அண்ணன் அந்தப் பக்கமும் தம்பி இந்தப் பக்கமுமாக நின்றுவிட்டார்கள். பெண் கொடுப்பதும் பெண் எடுப்பதும் மட்டும் நிற்கவில்லை. திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் பிறந்து இந்த ஊருக்கு மருமகளாக வந்த பெண்களால்தான் நம் வீடுகளில் இன்றும் தமிழ் பேசப்படுகிறது.

அந்த மருமகள்களுக்கெல்லாம் முன்னவள் மனோன்மணி. அவள் கதைப்படி வர வேண்டிய பாதையில் இரும்புப் பாதை வருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1904-இல் மலையைக் குடைந்து கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. அது வடக்கே சுற்றிப் போகும் வழி. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979-இல். நாகர்கோவில்–திருநெல்வேலிப் பாதை 1981-இல் திறந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பாதைக்கு வயது ஒன்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் வண்டி நுழையும்போதெல்லாம், சேரனும் பாண்டியனும் வழக்காடிய நாஞ்சில் நாடு இதுதானே என்று நினைத்துக்கொள்வேன்.

பரவியதும் மறைந்ததும்

மனோன்மணீயம் மேடையில் நடிக்கப்பட்டதைவிடப் படிக்கப்பட்டதே அதிகம். கல்லூரிகளில் பாடநூலாக இருந்தது. தமிழ் படித்த ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் தங்கள் பெண்களுக்கு அந்தப் பெயரை விரும்பி வைத்தார்கள். 1942-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் இதைத் திரைப்படமாக எடுத்தது. டி.ஆர். சுந்தரம் இயக்க, பி.யு. சின்னப்பாவும் டி.ஆர். ராஜகுமாரியும் நடித்தார்கள். கல்லூரி வாசலை மிதிக்காத வீடுகளுக்கும் பெயர் போய்ச் சேர்ந்தது. நான் பார்த்த படிவங்களில் இருந்த மனோன்மணிகள் பெரும்பாலும் அந்தப் படத்துக்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் பிறந்தவர்கள். யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும்கூட அந்தத் தலைமுறைப் பெண்களிடம் இந்தப் பெயரைக் காணலாம்.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். நூலின் புகழ் ஏறிக்கொண்டே போயிற்று. பெயர் இறங்கிக்கொண்டே வந்தது. 1970-இல் தமிழக அரசு அந்நூலின் வாழ்த்துப் பகுதியைத் தன் விழாக்களுக்கு எடுத்துக்கொண்டது. 1990-இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியது. 2021 டிசம்பர் 17-ஆம் தேதி தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டு, 55 வினாடிகளில் பாட வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று விதியும் வந்தது. இன்று நெல்லைச் சீமையில் பட்டம் வாங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருடைய சான்றிதழின் தலைப்பில் மனோன்மணியம் இருக்கிறது. வகுப்பின் வருகைப் பதிவேட்டில் மனோன்மணி இல்லை. ஒரு பெண்ணின் பெயர் ஓர் ஆண் புலவருக்கு அடைமொழியாகவும் கட்டடத்துக்குப் பலகையாகவும் ஆகி, பெண்களிடமிருந்து மட்டும் விலகிவிட்டது.

மூன்று ஆட்சேபங்கள்

என் இளைய மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது நான் இந்தப் பெயரைச் சொன்னேன். மாப்பிள்ளை தங்கமானவர், மரியாதை குறையாமல் சொன்னார்: "அது ஆச்சிமாரு பேருல்லா, மாமா?" மகள் சிரித்தாள். குழந்தைக்கு வேறு நல்ல பெயர் வைத்தார்கள். பெற்றவர்களின் உரிமை அது, நான் வற்புறுத்தவில்லை. சில நாள் கழித்து, இங்கே எழுதியிருப்பதையெல்லாம் பேச்சுவாக்கில் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "இந்தப் பேருக்குள்ள இவ்வளவு கதை இருக்குன்னு எங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லலையே, மாமா" என்றார். அவர் படித்ததெல்லாம் இந்த ஊரில், மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். பேரப்பிள்ளைகளுக்குப் பெயர் தேடும் மற்ற வீடுகளிலாவது பெயர் முடிவாகும் முன்பே இந்தக் கதை போய்ச் சேரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பழைய பெயர் என்பது முதல் ஆட்சேபம். பேரன் என்பது பெயரன், பேத்தி என்பது பெயர்த்தி. பாட்டனின் பெயரையும் பாட்டியின் பெயரையும் தாங்குகிறவர்கள் என்பதால்தான் அந்த உறவுக்கே அப்படிப் பெயர் வந்தது. ஆச்சியின் பெயர் பேத்திக்குப் பொருந்தாது என்றால் பேத்தி என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகும்.

நீளமான பெயர் என்பது இரண்டாவது. எண்ணிப் பாருங்கள்: தமிழில் மனோன்மணி ஐந்தே எழுத்து. ஐஸ்வர்யாவும் ஐந்தெழுத்துத்தான். வீட்டில் மணி என்றோ மனோ என்றோ கூப்பிட்டுக்கொள்ளலாம். நாளும் நட்சத்திரமும் பார்ப்பவர்களுக்கு, மகம் நட்சத்திரத்துக்கு 'ம' முதலெழுத்து. நம் ஊருக்கு இன்னொரு வசதியும் உண்டு. ழகரமும் றகரமும் உள்ள தமிழ்ப் பெயர்கள் வெளியூரில் படும் பாடு இந்தப் பெயருக்கு இல்லை. மலையாளத்திலும் 'ன', 'ண' வேறுபாடு இருப்பதால் ஒலி சிதையாமல் எழுதலாம். மலையாளிகளுக்கும் பொருள் விளங்கும்.

இது வடமொழிப் பெயர், தமிழர் ஏன் வைக்க வேண்டும் என்பது மூன்றாவது. தமிழைத் தெய்வமாக நிறுத்தி வாழ்த்துப் பாடியவரே தம் கதாநாயகிக்கு இந்தப் பெயரை வைத்தார். அவரைவிட நமக்குத் தமிழ்ப்பற்று அதிகம் என்று நான் எண்ணவில்லை. தூய தமிழ்ப் பெயர் வைப்பவர்களை வணங்குகிறேன். அவர்களிடம் எனக்கு வழக்கில்லை. பொருளும் தெரியாமல், எந்த ஊருக்கும் எந்த மொழிக்கும் சொந்தமில்லாமல், ஷகரமும் யகரமும் சேர்த்துச் செய்த ஓசைகளைப் பெயரென்று வைப்பவர்களிடம்தான் பேசுகிறேன்.

இந்தக் காலத்துப் பெண்கள் கேட்கக் கூடிய கேள்வி ஒன்றும் உண்டு. தந்தை சொன்ன மணத்துக்கு மறுப்புச் சொல்லாமல் தலைகுனிந்தவள்தானே மனோன்மணி என்பார்கள். உண்மைதான். அதே நாடகத்தில் அவளுடைய தோழி வாணி, தந்தை பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லி, தன் மனத்துக்கிசைந்த நடராசனையே நினைத்து உறுதியாக நின்றவள். ஆசிரியர் இருவரையும் படைத்தார். மனோன்மணி தலைகுனிந்தது பயத்தால் அன்று. தந்தையும் நாடும் மூழ்கும் நேரத்தில் தன் விருப்பத்தை ஒதுக்கி வைத்தாள். முற்றுகைக்குள் இருந்த ஒரு பெண்ணின் முடிவு அது. வாணி என்ற பெயரை இன்று தெருவுக்குத் தெரு கேட்கிறோம். அவளுடைய தோழியையும் கூப்பிட்டால் என்ன?

செய்யக் கூடியவை

கருத்துச் சொல்வதோடு நிறுத்தாமல், நடைமுறைக்கு உகந்த சிலவற்றையும் சொல்கிறேன்.

முதலாவது, அவசரம் வேண்டாம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தையின் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். ஆஸ்பத்திரியில் கேட்டவுடன் கைப்பேசியில் தேடி ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டியதில்லை. வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேச ஓராண்டு இருக்கிறது.

இரண்டாவது, மனோன்மணி என்று மட்டும் வைக்கத் தயக்கமாக இருந்தால், இரண்டு பெயராக வையுங்கள். உங்களுக்குப் பிடித்த பெயருக்குப் பின்னால் மனோன்மணி நிற்கட்டும். பெரியவளானதும் எந்தப் பெயரால் அழைக்கப்பட வேண்டும் என்பதை அவளே முடிவு செய்துகொள்வாள்.

மூன்றாவது, எழுத்து. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஆச்சியின் பெயர் ரேஷன் அட்டையில் 'மனோமணி', வங்கியில் 'மனோன்மணி', பென்ஷன் தாளில் வேறொன்று. மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க அந்த அம்மாள் ஓர் அலுவலகத்துக்குப் பல தடவை நடந்தார். எந்தப் பெயர் வைத்தாலும் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் எழுத்தை முதல் நாளே ஒரு தாளில் எழுதி, எல்லா ஆவணங்களிலும் அதையே பயன்படுத்துங்கள். 'ன்' என்ற ஒற்றை விட்டுவிடாதீர்கள்.

நான்காவது, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பேராசிரியர் பிறந்ததும் ஏப்ரல் மாதம், மறைந்ததும் ஏப்ரல் மாதம். நம் பிள்ளைகளுக்கு அப்போது பள்ளி விடுமுறை. அந்த விடுமுறையில் மனோன்மணீயத்திலிருந்து இரண்டு காட்சிகளை எளிய தமிழில் சுருக்கி, இங்கே பிறந்து வளர்ந்த குழந்தைகளைக் கொண்டு ஆண்டுதோறும் நடிக்க வைக்கலாம். தமிழ் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் வசனம் சொல்லிக் கொடுத்தால் நாவில் நிற்கும். மனோன்மணியாக மேடையில் நின்ற பெண் நாளை தன் மகளுக்கு அந்தப் பெயரை வைக்கத் தயங்கமாட்டாள்.

இந்த ஊரில் நம் பிள்ளைகளிடம் "நாடு எவிடெயா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. இங்கே பிறந்தோம் என்றால் தமிழ்ப் பெயர் ஏன் என்கிறார்கள். தமிழர் என்றால் எப்போது வந்தீர்கள் என்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதிலாக நிற்கக் கூடிய பெயர் மனோன்மணி. ஆலப்புழையில் பிறந்த தமிழர் ஒருவர் திருவனந்தபுரத்தில் இருந்து எழுதிய நூலின் நாயகி அவள். திருநெல்வேலியில் பிறந்து திருவனந்தபுரத்துக்கு உரியவள் ஆனவள். விருந்தாளிப் பெயர் அன்று அது. இந்த ஊர்ப் பெயர்.

அடுத்து எந்த வீட்டில் தொட்டில் கட்டினாலும், பெயர்ப் பட்டியலில் இதையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். வைப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். கதையை மட்டும் குழந்தையிடம் சொல்லிவிடுங்கள்.

வாழ்க தமிழ்!